எபிசோடு 41: சைக்கிள் மிதிக்காத ரெண்டு நாள்

(ஒலிப்பதிவைப் படிக்கத் தோதாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுத்த வடிவம்.)

பைக் ஓட்டிக்கிட்டே கேக்கறவங்க தயவுசெஞ்சு ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க.

காஷ்மீர் டு கன்னியாகுமரி சைக்கிள் பயணம் பத்தி எப்போ பேசப் போறேன்னு ரொம்ப நாளா கேக்கறீங்க. என்ன சைக்கிள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், நாய் துரத்துச்சா, எவ்வளவு செலவாச்சு... எல்லாத்துக்கும் பதில் வரும். ஆனா இந்த எபிசோடுல ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டப் போறதில்ல. ஸ்ரீநகர்ல போய் இறங்கினதுக்கும், சைக்கிள்ல ஏறினதுக்கும் நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சு. அந்த ரெண்டு நாள் பத்தி மட்டும்தான் இன்னிக்கு. பயணம் முடிஞ்சு யோசிச்சுப் பாத்தா, மொத்தப் பயணத்துலயும் நான் அதிகமா தப்பு பண்ணது அங்கதான்.

முதல்ல கொஞ்சம் பின்கதை. எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். எங்க ஊர்ன்னா உங்களுக்கு முட்டையும் லாரியும் ஞாபகம் வரும். எங்கப்பாவும் லாரி டிரைவர்தான். நேஷனல் பர்மிட் வண்டியில 22 வருஷம் ஓட்டினவர். எங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா பைபாஸ். சின்ன வயசுல அதை ‘ஏழு’ன்னு சொல்லுவோம், என்.எச். 7. இப்போ அது என்.எச். 44. நாட்டோட ஏழு பழைய நெடுஞ்சாலைகளை, சிலதை முழுசாவும் சிலதைப் பகுதியாவும் சேர்த்து ஒரே நம்பர் குடுத்தாங்க. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு ஜம்மு, லூதியானா, டெல்லி, ஆக்ரா, குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல், மதுரைன்னு வந்து கன்னியாகுமரியில முடியுது. அதாவது எங்க வீட்டுப் பக்கத்து ரோட்டோட இன்னொரு முனை காஷ்மீர்ல இருக்கு. இதை மேப்ல பாத்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஒரு நாள் அந்த முனையில இருந்து கிளம்பி வீட்டுக்கு வரணும்னு.

2023 அக்டோபர் கடைசியில கிளம்பறதா பிளான். நானும் என் ரூம்மேட்டும். ரெண்டு பேருக்கும் லீவு ஓகே ஆயிடுச்சு. கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது அவன் ப்ராஜெக்ட்ல ரிலீஸ் தேதி மாறி, அவனால வர முடியாமப் போச்சு. நான் தனியாப் போறதுன்னு முடிவு பண்ணேன். அதுல தப்பில்ல. ஆனா அதை வீட்டுல சொல்லல. அம்மாவைப் பொறுத்தவரைக்கும் நாங்க ரெண்டு பேர் போறோம். காஷ்மீர்ன்னு டிவில வர்ற செய்தியை மட்டும் பாத்து வெச்சிருக்கிற அம்மா கிட்ட ‘நான் மட்டும்தான் போறேன்’னு சொன்னா விடமாட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பொய்ன்னு கூட நினைக்கல. ‘ஊருக்குப் போய் சேர்ந்துட்டுச் சொல்லிக்கலாம்’னு நினைச்சேன்.

சரி, சைக்கிளை எப்படி கொண்டு போனேன்னு கேக்கறவங்களுக்கு: விமானத்துலதான். சைக்கிள் கடையில கேட்டா புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டி குடுப்பாங்க. ரெண்டு சக்கரத்தையும் கழட்டணும், ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டணும், பெடலைக் கழட்டணும். இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும், அது தெரியாம நான் அரை மணி நேரம் அதை இன்னும் இறுக்கிக்கிட்டு இருந்தேன். டயர்ல காத்தைக் குறைச்சிடுங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான் போகணும். எல்லாத்தையும் லிஸ்ட் போட்டு, டிக் அடிச்சு, சூப்பரா பேக் பண்ணேன். எக்செல்ல 34 நாளைக்கும் தனித்தனி வரிசை. ‘நாள் 0: ஸ்ரீநகர் வருகை, சைக்கிள் பூட்டுதல், ஓய்வு. நாள் 1: காலை 6 மணிக்குக் கிளம்புதல்.’ வந்து சேர்றதுக்கு நான் ஒதுக்கினது ஒரே ஒரு வரிசை.

டெல்லி மாறி மதியம் ஒன்றரைக்கு ஸ்ரீநகர்ல இறங்கியாச்சு. ஃப்ளைட் மோடை எடுத்தேன். சிக்னல் இல்ல. திரும்பப் போட்டு எடுத்தேன். இல்ல. போனை அணைச்சுப் போட்டேன். இல்ல. பக்கத்துல நின்னவர் ஒரு வார்த்தைதான் கேட்டார், ‘பிரீபெய்டா?’

இது கேக்கற உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. வெளி மாநிலத்து பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது. போஸ்ட்பெய்டா இருக்கணும், இல்லன்னா அங்க ஒரு சிம் வாங்கணும். சரி, ஏர்போர்ட் வைஃபைல போய் போஸ்ட்பெய்டா மாத்திடலாம்னு உள்ள நுழையப் பாத்தா, அதுக்கு ஓ.டி.பி. வரும். எங்க வரும்? அந்தச் செத்துப்போன நம்பருக்கு. நான் வேலை பாக்கிற டீமே ஓ.டி.பி. அனுப்புற டீம். ‘யூசர் கையில எப்பவும் போன் இருக்கும், சிக்னல் இருக்கும்’னு மீட்டிங்ல நானே பத்து தடவை சொல்லியிருக்கேன். அந்த யூசர் இப்போ ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏர்போர்ட் வாசல்ல நிக்கறார்.

பிரீபெய்டு டாக்சி கவுன்டர்ல காசு கட்டி ஒரு சுமோ எடுத்தேன். பெட்டியை மேல கேரியர்ல ஏத்திக் கயிறு போட்டுக் கட்டினார் டிரைவர். எங்கப்பா வயசு இருக்கும். எனக்கு இந்தி, ஹாஸ்டல்ல கத்துக்கிட்ட இந்தி. அவருக்கும் இந்தி ரெண்டாவது மொழிதான், அதனால ரெண்டு பேருக்கும் நல்லாவே புரிஞ்சுது. லாட்ஜ் பேரு கேட்டார். சொன்னேன். அதே மாதிரி பேர்ல மூணு இருக்கு, எந்தத் தெரு? அந்த விவரம் மெயில்ல இருக்கு. மெயில் போன்ல இருக்கு. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, அவரே தன் போன்ல யார் யார்கிட்டயோ விசாரிச்சு, மூணாவது லாட்ஜ்தான் என்னோடதுன்னு கண்டுபிடிச்சார். அப்புறம் போனை என் கையில நீட்டி, ‘பேட்டா, வீட்டுக்குப் பேசுங்க. வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லுங்க’ன்னார்.

எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணுதான். அம்மாவோடது. பதினஞ்சு வருஷமா மாறாத நம்பர்.

நான் போனை வாங்கல. ‘அப்புறம் பேசிக்கறேன்’னு சொல்லிட்டேன். ஏன்னா அம்மா முதல்ல கேக்கப் போறதே, ‘ரூம்மேட் எங்க, அவன்கிட்ட குடு’ன்னுதான்.

லாட்ஜ்ல போய், பெட்டியை இறக்கி, ரூம்ல வெச்சு, படுத்துட்டேன். ரிசப்ஷன்ல வைஃபை பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்ததைப் பாத்தேன். பாத்தும் போடல. இதை நான் ஒளிக்காமச் சொல்லணும். சிக்னல் இல்லங்கறது அந்த நேரத்துல எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு.

எழுந்தப்போ இருட்டிடுச்சு. மணி ஏழு. வைஃபை போட்டேன். வாட்ஸ்அப்ல அம்மாகிட்ட இருந்து 31 மிஸ்டு கால். என் ரூம்மேட்கிட்ட இருந்து ஒரு மெசேஜ்: ‘டேய், உங்கம்மா கால் பண்ணாங்க. நான் ஆபீஸ்ல இருக்கேன்னு தெரியாம சொல்லிட்டேன். சாரிடா.’

என் போன் போகலன்னதும் அம்மா அவனுக்கு அடிச்சிருக்காங்க. ‘அவன் காலைலயே ஏர்போர்ட் போயிட்டான் ஆன்ட்டி, நான் இங்க சென்னையிலதான் இருக்கேன்’னு அவன் சொல்லிட்டான். அது மதியம் ரெண்டு மணிக்கு. அந்த டாக்சி டிரைவர் என் கையில போனை நீட்டினாரே, கிட்டத்தட்ட அதே நேரம். அதுல இருந்து ஏழு மணி வரைக்கும் எங்கம்மா என்ன பண்ணிக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு இப்போ நினைச்சாலும் வயித்தைப் பிசையுது.

கூப்பிட்டேன். முதல் ரிங்லயே எடுத்துட்டாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் கேட்டாங்க, ‘சைக்கிளாவது நெசமா கண்ணு? இல்ல, அதுவும் சும்மாவா?’

திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். இதுக்கு என்ன சொல்றது? எல்லாத்தையும் சொன்னேன். ரிலீஸ் தேதி, தனியா வந்தது, சிம், டாக்சி, அந்த டிரைவர் போன் குடுத்ததை வாங்காம விட்டது வரைக்கும். எல்லாம் கேட்டுட்டு அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. இதை நான் எழுதியே வெச்சிருக்கேன்.

‘உங்கப்பா வண்டியில போறப்ப நம்ம வீட்ல போன் கிடையாது. மளிகைக்கடை போன்தான். எட்டு மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு உன்னத் தூக்கிட்டுப் போய் கடைத் திண்ணையில உக்காந்திருப்பேன். சில நாள் போன் வராது. ஆனா எந்த ஊருக்குப் போறாங்க, என்ன லோடு, கூட கிளீனர் யாருன்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சதால உக்காந்திருக்க முடிஞ்சுது. இன்னிக்கு எனக்கு அதுவும் தெரியல.’

இந்த இடத்துல நான் ரெக்கார்டிங்கை ஒரு தடவை நிறுத்தினேன், சொல்லிடறேன். நம்ம தலைமுறைல லொகேஷன் ஷேர் பண்றோம், ஸ்டேட்டஸ் போடறோம். எங்கப்பா கிட்ட இது எதுவும் இல்ல. ஆனா அவர் எங்க இருக்கார்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு, நான் எங்க இருக்கேன்னு தெரியல.

அப்புறம் அப்பா போனை வாங்கினார். ஜம்மு வரைக்கும் லோடு ஏத்திட்டுப் போன அனுபவம் அவருக்கு உண்டு. தனியா வந்ததைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ‘எப்பக் கிளம்பற?’ன்னார். காலைல ஆறு மணின்னேன். ‘வந்த மறுநாளே வண்டி எடுக்காத. ஒரு நாள் வண்டியச் சுத்தி நடந்து பாக்கோணும். டயரத் தட்டிப் பாரு, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாரு. ரோடு எங்கயும் போயிடாது’ன்னார். எனக்கு எக்செல்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் தள்ளிப் போனா 34 வரிசையும் தள்ளிப் போகும். அரை மனசா சரின்னேன்.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு முழிப்பு வந்துச்சு, வெளியில பாத்தா இன்னும் இருட்டு. நம்ம ஊர்ல அந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்திருக்கும். குளிர் அஞ்சு டிகிரி பக்கம். ஸ்ரீநகர் ஊட்டியை விட உயரம் கம்மிதான், 1,600 மீட்டர் கிட்ட. ஆனா நான் கொண்டு போன கையுறை விரல் மூடாத சைக்கிள் கையுறை. பிளான்படி கிளம்பியிருந்தா அந்த இருட்டுலயும் குளிர்லயும் பிரேக்கைப் பிடிக்கவே விரல் வளைஞ்சிருக்காது.

தெருமுனையில ஒரு ரொட்டிக் கடை. அங்க அந்த பேக்கரியை காந்துர்னு சொல்றாங்க. தந்தூர் அடுப்புல ஒட்டிச் சுடற வட்ட ரொட்டிக்கு கிர்தான்னு பேரு. விடியக்காலைலயே ஆளுங்க வரிசையில நின்னு, துணியில சுத்தி வீட்டுக்கு வாங்கிட்டுப் போறாங்க. கூட நூன் சாய்னு ஒரு டீ, ரோஸ் மில்க் கலர்ல இருக்கும். நான் ரோஸ் மில்க்னே நினைச்சு ஒரு வாய் இழுத்தேன். உப்பு! நூன்னாலே உப்புதானாம். அந்த கலர், சோடா உப்பு போட்டு ரொம்ப நேரம் கொதிக்க வைக்கிறதால வர்றது. மூணாவது வாயில பழகிடுச்சு. அடுத்த நாள் நானே தேடிப் போனேன்.

ரூமுக்கு வந்து சைக்கிளைப் பூட்டினேன். அப்பா சொன்ன மாதிரி ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். பின் கியரை மாத்தினா கரகரன்னு சத்தம். குனிஞ்சு பாத்தா டிரெய்லர் ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்கு: பின் சக்கரத்துக்குப் பக்கத்துல கியர் மாத்தற பொறி தொங்கும் இல்லையா, அதை ஃபிரேமோட இணைக்கிற சின்ன அலுமினியத் துண்டு அது. அடி பட்டா ஃபிரேம் உடையாம, தான் வளைஞ்சு குடுக்கறதுக்காகவே மெலிசா செஞ்சிருப்பாங்க. ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற வடிவம், அவசரத்துக்குக் கடையில கிடைக்காது. நான் ஸ்பேர் எடுத்துட்டுப் போகல. அதோட ஓட்டி, பெரிய ஏத்தத்துல முதல் கியருக்கு மாத்தியிருந்தா பொறி மொத்தமா சக்கரக் கம்பிக்குள்ள போய் மாட்டியிருக்கும். அதுவும் மலைப்பாதையில, சிக்னல் இல்லாத போனோட.

லால் சவுக் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை இருக்குன்னு லாட்ஜ் மேனேஜர் சொன்னார். தள்ளிக்கிட்டே போனேன். ஃபெரன் போட்ட ஒரு பெரியவர். என் கியர் செட்டைப் பாத்தா சிரிப்பாரோன்னு நினைச்சேன். அவர் பேசவே இல்ல. பொறியைக் கழட்டிட்டு, மூலையில இருந்த ஒரு பழைய பின் சக்கரத்தை எடுத்து, அதோட அச்சு முனையை ஹேங்கர் ஓட்டைக்குள்ள திருகினார். ரெண்டுக்கும் ஒரே மரை! இப்போ என் சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்துல இன்னொரு சக்கரம் நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல மேலயும் கீழயும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னு கண்ணால பாத்துப் பாத்து, அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாப் பிடிச்சு மெதுவா வளைச்சார். பத்து நிமிஷம். தனியா ஒரு கருவி வாங்கிப் பண்ற வேலையை, நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐ.டி.க்கு வந்த என் கண்ணு முன்னாடி, ஒரு பழைய சக்கரத்தை வெச்சு முடிச்சுட்டார். எவ்வளவுன்னு கேட்டேன். எங்க வரைக்கும் போறேன்னு கேட்டார். கன்னியாகுமரின்னேன். நூறு ரூபா போதும்னுட்டார்.

அப்புறம் சிம். ஆதார் கார்டு குடுத்து, போட்டோ எடுத்து, உள்ளூர் மாற்று எண் ஒண்ணு வேணும்னாங்க. லாட்ஜ் மேனேஜர் தன் நம்பரைக் குடுத்தார். சாயங்காலம் சிக்னல் வந்துச்சு. முதல் கால் அம்மாவுக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு தினமும் பேசறது, எந்த ஊர்ல தங்கறேன்னு சொல்றது, யாராவது கூடச் சேர்ந்தா அவங்க பேரைச் சொல்றது. அம்மா போட்ட கண்டிஷன் இவ்வளவுதான். கிட்டத்தட்ட அந்தக் காலத்து எட்டு மணி போன் மாதிரி. அப்பா குறுக்க, ‘டயரத் தட்டுனியா?’ன்னார். ஹேங்கர் கதையைச் சொன்னேன். ‘ம்’னு மட்டும் சொன்னார். எங்கப்பாவைத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ‘ம்’னு புரியும்.

மூணாவது நாள் காலைல நல்லா வெளிச்சம் வந்தப்புறம், ஏழே கால் இருக்கும், லால் சவுக் மணிக்கூண்டுக்குப் போனேன். மாஸ்கோவோட செஞ்சதுக்கத்தை நினைச்சு வெச்ச பேர் லால் சவுக். மணிக்கூண்டு 1980ல கட்டினது. கன்னியாகுமரிக்குக் கிளம்பற சைக்கிள்காரங்க பலரும் அது முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுதான் கிளம்புவாங்க. நானும் எடுத்தேன். அதை அம்மாவுக்கு அனுப்பி, ‘தனியாத்தான் இருக்கேன். கிளம்பறேன்’னு போட்டேன். அனுப்பறப்போ கை நடுங்கல.

ஊரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல பாம்போர். ரெண்டு பக்கமும் குங்குமப்பூ வயல். அக்டோபர் கடைசியில இருந்து மூணு வாரம்தான் அந்தப் பூ பூக்கும். கத்தரிப்பூ நிறத்துல தரையோட தரையாப் பூத்திருக்கு. வெயில் ஏறதுக்குள்ள பறிக்கணும்னு குடும்பம் குடும்பமாக் குனிஞ்சு பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு நாள் முன்னாடி, இருட்டுல போயிருந்தா இதையும் பாத்திருக்க மாட்டேன். கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் பச்சைப் பலகையில ‘44’னு எழுதியிருந்துச்சு. எங்க ஊர் பைபாஸ்ல இருக்கிற அதே நம்பர். நேரா போனா வீடு.

சரி, நீங்க இந்த மாதிரி பயணம் போறதா இருந்தா என் அனுபவத்துல இருந்து நாலு விஷயம். ஜம்மு காஷ்மீர், லடாக் பக்கம் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே போஸ்ட்பெய்டா மாத்திக்கோங்க. முக்கியமான மூணு நம்பர், தங்கற இடத்தோட முகவரி, இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க. உங்க சைக்கிளுக்குப் பொருந்தற ஹேங்கர் ஒண்ணு ஸ்பேரா எடுத்துக்கோங்க, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வந்து சேர்ந்த ஊர்ல குறைஞ்சது ஒரு முழு நாள் சும்மா இருங்க. அதை எக்செல்ல ‘ஓய்வு’ன்னு போடாதீங்க, அதுவும் ஒரு நாள் வேலைதான்.

அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை லிஸ்ட்ல போட எனக்குக் கூச்சமா இருக்கு. வீட்டுல உண்மையைச் சொல்லிட்டுக் கிளம்புங்க. அவங்க பயப்படுவாங்கதான். எங்க இருக்கோம், யார் கூட இருக்கோம்னு தெரிஞ்சு பயப்படறது வேற. தெரியாம பயப்படறது வேற. அந்த வித்தியாசத்தை எங்கம்மா கடைத் திண்ணையில உக்காந்து கத்துக்கிட்டாங்க. நான் ஸ்ரீநகர்ல கத்துக்கிட்டேன்.

அடுத்த எபிசோடுல நிஜமாவே சைக்கிள் மிதிக்கறோம். பாம்போர்ல இருந்து காசிகுண்ட் வரைக்கும், நடுவுல கிரிக்கெட் மட்டை செய்யற சங்கம். உங்க பயணத்துல முதல் நாள் என்ன சொதப்பினீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, நல்லதா நாலு எடுத்து எபிசோடுல சேர்க்கறேன். அதுக்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க.